ஏற்காட்டுக் குளிருக்கு விறகு: வெந்நீர் பாய்லரும் கணப்பு அடுப்பும் அமைக்கும் முறை

சேலத்து வெயிலுக்குத் தப்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டில் குடியேறுகிறவர்கள் முதல் சில மாதங்கள் குளிரைக் கொண்டாடுவார்கள். ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்த பிறகுதான் அது வேறு முகம் காட்டும். ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் 12, 13 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். மூடுபனி இறங்கிய நாளில் மொட்டைமாடி சோலார் ஹீட்டர் வெதுவெதுப்பான தண்ணீர்கூடத் தராது. காற்றில் சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தால் கீசரும் கிடையாது. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இது வெறும் அசௌகரியம் என்று விட்டுவிட முடியாது.

விறகு இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் கடையில் வாங்கி, பிளக்கைச் சொருகி, பொத்தானை அழுத்துகிற கதை அல்ல இது. விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும், ஆவி வெளியேற வழி வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மலிவான அடுப்புகூட நன்றாக வேலை செய்யும். ஒன்று தவறினாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வீண்தான், சில நேரம் உயிருக்கே ஆபத்து. இனி வருவதெல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

முதலில் எதைச் சூடாக்க வேண்டும்?

வீடு முழுவதையும் சூடாக்க நினைக்காதீர்கள். பனி கொட்டும் நாடுகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு அறைக்கு அறை குழாய் ஓட்டத் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. நமக்கு அது வேண்டாத செலவு. காலையில் குளிக்க வெந்நீர், மாலை ஆறு மணியிலிருந்து படுக்கும்வரை எல்லோரும் உட்கார ஒரு சூடான அறை, இவ்வளவு போதும். அதிலும் வெந்நீரை முதல் ஆண்டும், அறையை அடுத்த ஆண்டும் செய்வதே என் யோசனை. வெந்நீர் அடுப்பை ஒரு குளிர்காலம் எரித்தால் விறகு, காற்று, புகை மூன்றின் குணமும் கைக்குப் பழகிவிடும்.

கணக்கு எளிது. ஒருவர் குளிக்க 40 டிகிரியில் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரி இருக்கும். நான்கு பேருக்கு 80 லிட்டரை 25 டிகிரி ஏற்ற வேண்டும். மின்சாரக் கணக்கில் அது சுமார் 2.3 யூனிட். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 யூனிட் சூடு இருக்கிறது. மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றினால் அதில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான் தண்ணீருக்குப் போய்ச் சேரும். அதனால் ஐந்தாறு கிலோ விறகு எரியும். நடுவில் புகைக்குழல் வைத்த பாய்லரில் மூன்றில் ஒரு பங்காவது தண்ணீரில் ஏறிவிடும். அதே வெந்நீருக்கு இரண்டு கிலோ போதும். நான்கு மாதக் குளிர்காலத்துக்கு இந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். பாய்லர் வாங்கிய பணம் திரும்பிவிடும், புகையும் பாதியாகும்.

விறகு

புதிதாக வருகிறவர்கள் அடுப்புக்குக் கொடுக்கிற கவனத்தில் கால்வாசிகூட விறகுக்குக் கொடுப்பதில்லை. தலைகீழாக இருக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் சட்டம். ஏற்காடு மலைப்பகுதி. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் பட்டா நிலத்தில் நிற்கிற மரமாக இருந்தாலும் முன் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. சந்தனத்துக்குத் தனி விதிகளே இருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் போய் விறகு எடுப்பதும் குற்றம். சொந்தத் தோட்டத்து மரம்தானே என்று கோடாலியைத் தூக்குவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அந்தத் தேவையே வராது. காபித் தோட்டங்களில் கவாத்துக் கட்டையும், நிழல் சீர்படுத்தக் கழிக்கிற சில்வர் ஓக் கிளையும் ஆண்டுதோறும் மிச்சமாகும். தோட்டத்து மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

சில்வர் ஓக் மிளகுக்கொடி ஏற்றுவதற்காக மலை முழுக்க நிற்கிற மரம். லேசான கட்டை, கோடாலி பட்டதும் பிளக்கும், சீக்கிரம் பற்றும், சீக்கிரம் எரிந்தும் தீரும். காலை வெந்நீருக்கு இது ரொம்பப் பொருத்தம். காபிக் கட்டை நேர் எதிர். தடிமன் குறைவு, கனம் அதிகம், நிதானமாக எரிந்து நல்ல தணல் விடும். மாலைக் கணப்புக்குக் காபிக் கட்டையை விட்டால் எனக்கு வேறு பிடிக்காது. சமவெளியிலிருந்து லோடு ஏறி வருகிற சவுக்கும் சீமைக்கருவேலமும் சூட்டில் இவற்றை மிஞ்சும். ஆனால் சீமைக்கருவேல முள்ளைக் கழித்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கை புண்ணாகும். தைலமரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் நார் முறுக்கிக்கொண்டு கோடாலிக்கு இடம் கொடுக்காது. பற்றவைக்க உண்ணிச்செடியின் காய்ந்த குச்சியும் தென்னம்பாளையும் கொட்டாங்குச்சியும் போதும். சேலத்திலிருந்து வரும்போது ஒரு சாக்குக் கொட்டாங்குச்சி ஏற்றி வந்தால் ஒரு மாதத்துக்கு ஓடும்.

பச்சை விறகின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கும் பணம் கொடுக்கிறீர்கள். அதை எரித்தால், அடுப்பின் சூடு உங்கள் தண்ணீரைக் காய்ச்சுவதற்கு முன் விறகிலிருக்கிற தண்ணீரைக் காய்ச்சியாக வேண்டும். புகை மண்டும், கண் எரியும், புகைபோக்கிக்குள் தார் படியும். எனவே வாங்கும்போதே சோதியுங்கள். இரண்டு கட்டைகளை மோதினால் காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், பச்சை 'தொப்' என்னும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை விரலால் நெம்பினால் உரிய வேண்டும். விறகுக்காரர் "இது காஞ்ச வெறகுதாங்க, ரெண்டு நாள் மழைல நனைஞ்சிருச்சு" என்பார். பல சமயம் அது உண்மையாகவே இருக்கும். மேலே நனைந்த காய்ந்த கட்டை கூரைக்கடியில் சில நாளில் தேறிவிடும். ஒரு கட்டையைப் பிளந்து உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஈரம் தெரிந்தால் அது பச்சைதான். ஈரமானி என்று ஊசி வைத்த சிறு கருவியும் ஆன்லைனில் கிடைக்கிறது. புதிதாகப் பிளந்த முகத்தில் குத்தி, 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எரிக்கலாம்.

காய வைப்பதற்கு மலையில் காலம் குறைவு. தென்மேற்குப் பருவமும் இங்கே பெய்யும், வடகிழக்கும் பெய்யும், இடையில் மூடுபனி. தை முதல் சித்திரை வரைதான் நம்பத்தகுந்த வெயில். காபி அறுவடை முடிந்து கவாத்து நடக்கிற சமயமும் அதை ஒட்டியே வருவது நமக்கு நல்லதாகப் போயிற்று. மாசியில் விறகு வாங்கி, உடனே பிளந்து, வரும் கார்த்திகைக்கு எரிப்பது என்ற கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் வாங்கி கார்த்திகையில் எரிக்க நினைத்தால் புகையோடுதான் குடித்தனம். பாய்லருக்கு மணிக்கட்டுப் பருமனும், கணப்புக்கு அதைவிட ஒரு மடங்கு கூடுதலுமாகப் பிளக்கலாம். உருண்டைக் கட்டை பட்டைக்குள் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும், பிளந்தால்தான் காயும்.

அடுக்குகிற இடம் தரையைத் தொடக் கூடாது, கறையான் ஏறும். கல் வைத்து அதன்மேல் இரண்டு வரிசைக் கம்பு போட்டு, காற்று ஊடாடும்படி அடுக்குங்கள். மேலே தகரக்கூரை, பக்கங்கள் திறப்பு. தார்ப்பாயால் சுற்றிலும் மூடிவிடுவது பலரும் செய்கிற காரியம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பூத்துவிடும். விறகடுக்கில் தேளும் பாம்பும் ஒண்டும். எடுக்கும்போது ஒரு குச்சியால் தட்டிவிட்டு, கையுறையோடு எடுங்கள். இருட்டில் குழந்தைகளை விறகெடுக்க அனுப்ப வேண்டாம்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய பழைய கம்பம், பிளாஸ்டிக், அரளிக் கிளை இவற்றை அடுப்பில் வைக்கவே கூடாது. புகை நஞ்சு.

வெந்நீர் பாய்லர்

நம் ஊர்ப் பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். செம்பு உருளை, நடுவே மேலும் கீழும் திறந்த குழல், குழலின் அடியில் கம்பித்தட்டு, அதற்குக் கீழே சாம்பல் விழும் இடம். தீ குழலுக்குள் எரியும், தண்ணீர் சுற்றிலும் நிற்கும். தீயைத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பதால்தான் சூடு வீணாவதில்லை. எவர்சில்வரிலும் செய்கிறார்கள். செம்பு விரைவாகச் சூட்டைக் கடத்தும், நீண்ட நாள் உழைக்கும், பழசானாலும் எடைக்கு விலை போகும். எவர்சில்வர் விலை குறைவு, துலக்கும் வேலை இல்லை. நான்கு பேர் குடும்பத்துக்கு 30, 40 லிட்டர் கொள்ளளவு போதும். நன்கு கொதித்த தண்ணீரைப் பச்சைத்தண்ணீரோடு கலந்துதானே குளிக்கப் போகிறோம்.

பழைய பாய்லர் வாங்கினால் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். குழலும் அடித்தட்டும் சேருகிற விளிம்புதான் முதலில் கசியும். அங்கே ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்த ஈயம் 200 டிகிரியை ஒட்டி உருகிவிடக் கூடியது. தண்ணீர் பக்கத்தில் நிற்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது; தண்ணீர் வற்றினால் சில நிமிடத்தில் இளகிக் கொட்டும். பித்தளைப்பற்று வைத்தது இதைவிட உறுதி.

பாய்லரைக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். சமையலறைக்குப் பின்னால், கூரை உள்ள, குறைந்தது இரண்டு பக்கம் திறந்த தாழ்வாரம்தான் அதற்கு இடம். அடியில் சமமான கல்தளம். குழலின் மேல்வாயில் நான்கடி தகரப் புகைக்குழாய் மாட்டினால் இழுப்பு நன்றாக இருக்கும், முகத்தில் புகை அடிக்காது.

எரிக்கும் வரிசை எப்போதும் ஒன்றே. முதலில் தண்ணீர், பிறகு தீ. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் தீக்குச்சி. அடியில் காகிதம், அதன்மேல் பாளைச் சீவல், இரண்டு கொட்டாங்குச்சி, மேலே சுண்டுவிரல் பருமனில் சுள்ளி. சுள்ளி முழுக்கப் பற்றிய பிறகு இரண்டு மூன்று சில்வர் ஓக் கட்டை. குழலைத் திணித்து அடைக்காதீர்கள், காற்று ஓட இடம் வேண்டும். நன்றாக எரிகிற தீ புகையே விடாது. புகை வந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை, அல்லது சாம்பல் கம்பித்தட்டை அடைத்திருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பக்கத்தில் வரவே கூடாது.

வெந்நீர் எடுக்க எடுக்கப் பச்சைத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். மறந்துபோய்த் தண்ணீர் வற்றிவிட்டது, செம்பு சிவக்கிறது என்றால் அப்போது தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது நொடியில் ஆவியாகி முகத்தில் சீறும். தீயை வெளியே இழுத்துவிட்டு, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். பாய்லரின் வாயை இறுக்கி மூடுவதும், ஆவி வரும் வழியில் துணி அடைப்பதும் வெடிக்கு வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தைக் கேட்கும்.

வாளியில் எப்போதும் பச்சைத்தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் சட்டமாகவே வையுங்கள். வெந்நீர் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்க், மாவு, பற்பசை எதுவும் பூசக் கூடாது.

மலைச் சுனைத் தண்ணீரில் உப்புக் குறைவு, பாய்லருக்குள் படிவது சொற்பம். சேலத்தில் போர்த் தண்ணீரோடு பாய்லர் எரிக்கிறவர்கள் மட்டும், வெள்ளைப் படிவம் சேரச் சேர வெந்நீர் ஆகும் நேரம் கூடுவதைக் கவனித்து, புளித்தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

குளியலறைக் குழாயிலேயே வெந்நீர் வேண்டுமென்றால்

கணப்பு அடுப்பின் பின்சுவரில் தண்ணீர்ப் பெட்டியோ செம்புச் சுருளோ வைத்து, மேலே ஒரு வெந்நீர்த் தொட்டியோடு இணைக்கலாம். மோட்டார் வேண்டாம். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். தீ எரிகிறவரை இந்தச் சுற்று தானாகவே நடக்கும். அழகான ஏற்பாடு, மின்சாரம் போனாலும் நிற்காது. ஆனால் தவறாகச் செய்தால் வீட்டுக்குள் வெடிகுண்டு வைத்ததற்குச் சமம். அதனால் இந்த நான்கைந்து விஷயத்தில் பட்டறைக்காரரோ பிளம்பரோ எவ்வளவு சமாதானம் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெந்நீர்த் தொட்டியின் அடி, அடுப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அடுப்புப் பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து புறப்படுகிற குழாய், தொட்டியின் மேல்பகுதியைச் சேரும்வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தாழ்ந்தாலும் அங்கே காற்றோ ஆவியோ தங்கிச் சுற்று நின்றுவிடும். திரும்பி வரும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து பெட்டியின் அடிக்கு. இரண்டும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல், வளைவு குறைவாக, செம்பிலோ, துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ.யிலோ இருக்கட்டும். பி.வி.சி. கூடாது. வெந்நீருக்கென்று விற்கிற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயையும் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையில் போட வேண்டாம். அங்கே தண்ணீர் கொதிநிலையைத் தொடும்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஆவிக்குழாய். தொட்டியின் உச்சியிலிருந்து கிளம்பி, மேலே இருக்கிற பச்சைத்தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தையும் தாண்டி உயர்ந்து, வாய் திறந்தபடி முடிய வேண்டும். அதிலும், அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையேயான இரண்டு குழாய்களிலும், ஒரு வால்வுகூட இருக்கக் கூடாது. "ரிப்பேருக்கு வசதியா இருக்கும்ணா, ஒரு கேட் வால்வு போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். யாரோ ஒருநாள் அதை மூடுவார்கள். வேண்டாம். ஆவிக்குழாயின் வாயைக் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வளைத்து விடுவதும் தப்பு. கொதிநீர் கொட்டினால் பிளாஸ்டிக் இளகித் தொட்டியே சரியும். சிறிய எவர்சில்வர் தொட்டி ஒன்றை இதற்கென்றே வைத்து, அதிலிருந்தே பச்சைத்தண்ணீர் இறங்கட்டும்.

தொட்டிக்குள் தண்ணீர் கொதிக்கிற ஓசை கேட்டால் வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு வாளி ஓடவிட்டு, அடுப்பின் காற்றைக் குறையுங்கள். ஊராட்சித் தண்ணீர் வராமல் மேல்தொட்டி காலியாக இருக்கிற நாளில் அந்த அடுப்பை மூட்டவே கூடாது.

இதையெல்லாம் செய்து முடிக்கிற பட்டறையும் பிளம்பரும் கிடைக்கவில்லை என்றால் பாய்லரோடு நிற்பதே மேல். எனக்குத் தெரிந்து பெரும்பாலான வீடுகளுக்கு அது தாராளமாகப் போதும்.

அறைக்குக் கணப்பு

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தோட்டக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் சுவரோடு கணப்பு வைத்தார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சூடு என்று பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான் அறைக்கு. மிச்சம் புகைபோக்கி வழியே மேலே போய்விடும். போகிறபோது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். எதிரே உட்கார்ந்தவருக்கு முழங்கால் சுடும், முதுகு குளிரும். அப்படிப்பட்ட பழைய வீடு உங்களுடையது என்றால், அந்த மாடத்துக்குள் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றை இறக்கி, பழைய புகைபோக்கிக்குள் எவர்சில்வர் குழாயை விடுங்கள். விறகு பாதியாகக் குறையும்.

புதிதாக வைக்கிறவர்கள் சேலத்தில் நல்ல வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். 12-க்கு 12 அடி அறைக்கு, ஒன்றரை அடி நீளக் கட்டை கொள்கிற சின்ன அடுப்பே போதும். பெரிய அடுப்பு வாங்கிக் காற்றை அடக்கி எரிப்பதைவிடச் சிறிய அடுப்பைச் சுவாலையாக எரிப்பது எல்லா வகையிலும் நல்லது. தகடு 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, மெல்லிய தகடு சூட்டில் நெளியும். உள்ளே பக்கங்களிலும் அடியிலும் தீச்செங்கல் அடுக்க வேண்டும். ஃபயர் பிரிக் என்று கேட்டாலே தருவார்கள். சேலத்து மேக்னசைட் உருக்கு உலைகளுக்குச் செங்கலாகிற கனிமம் என்பதால் அதையே கேட்டு வாங்கலாமே என்று தோன்றும். அந்தக் கல் தினமும் சுடுவதும் ஆறுவதுமான வீட்டு அடுப்பில் வெடித்துவிடும்; சாதாரணக் களிமண் வகையே சரி. கதவு விளிம்பில் சூடு தாங்கும் கண்ணாடியிழைக் கயிறு பதித்து இறுக்கமாக மூட வேண்டும். காற்று வர, திறந்து மூடுகிற துளை ஒன்று.

அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். திரைச்சீலை, பிரம்பு நாற்காலி, துணி காயப்போடும் கொடி எல்லாம் இதில் அடக்கம். மரத்தரை என்றால் அடியிலும் முன்னாலும் கடப்பாக் கல் போடுங்கள்.

அடுப்பைவிடப் புகைபோக்கியே பெரிய விஷயம். ஆறு அங்குலக் குழாய், அடுப்பிலிருந்து குறைந்தது 15 அடி உயரம், முடிந்தவரை நேர்கோட்டில். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடி மேலே போக வேண்டும்; பத்தடி தூரத்துக்குள் முகடோ சுவரோ இருந்தால் அதைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். குட்டையாக விட்டால் மலைக்காற்று அதன் வாயில் மோதிப் புகையை உள்ளேயே திருப்பி அனுப்பும். துண்டுகளை இணைக்கும்போது மேல்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் உள்ளே ஓடும் கரிப்பசை இணைப்பு வழியே சுவரில் வழியும். பலரும் மழைத்தண்ணீரை நினைத்து இதைத் தலைகீழாகத்தான் மாட்டுகிறார்கள். மழைக்கு உச்சியில் குல்லா இருக்கிறது.

அடுப்பை ஒட்டிய துண்டுகள் கறுப்பு இரும்போ எவர்சில்வரோ ஆக இருக்கட்டும், ஜி.ஐ. பூச்சு அந்தச் சூட்டில் புகையும். ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வெடிக்கும். ஓட்டு வீட்டில் ரீப்பரும் சட்டமும் மரம். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் ஒன்றரை அடி இடைவெளி விட்டு, அந்த இடத்தில் ஓட்டுக்குப் பதில் தகடு பொருத்துங்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை சின்னத் தீ மட்டும். பெயின்ட் வேகும் நாற்றம் வரும், சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

மாலையில் மூட்டும்போது புகைபோக்கிக்குள் குளிர்காற்று குந்தியிருக்கும். ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாய் வாயருகே பிடித்து முதலில் அதை மேலே தள்ளுங்கள். பிறகு பெரிய கட்டை இரண்டு அடியில், அதன்மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளியும் கொட்டாங்குச்சியும். மேலிருந்து பற்றவையுங்கள். நம் வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும். ஆனால் மேலே எரிகிற தீ கீழேயிருந்து வரும் புகையையும் எரித்துவிடுவதால் அறையில் வாடையே வராது. கட்டைகள் நன்றாகப் பற்றும்வரை காற்றுத்துளை முழுக்கத் திறந்திருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் போட்டால் அறை சுகமாக இருக்கும்.

மூடிய அறையும் நச்சுப் புகையும்

தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மலைவாசத்தலங்களில் குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். புகை இல்லை, சுவாலை இல்லை, வெறும் தணல்தானே என்ற எண்ணமே கொல்கிறது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம் என்று வரும்; தூக்கம் வந்த பிறகு எழுந்து போகத் தோன்றாது.

புகைபோக்கி இல்லாத எந்தத் தீயும் படுக்கையறைக்குள் வரக் கூடாது. விருந்தினருக்கும் சொல்லி வையுங்கள். புகைபோக்கி உள்ள அடுப்பு எரியும்போதும் அறைக்கு வெளிக்காற்று வர ஒரு சன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, அடுப்பு வாங்குகிற பணத்தோடு அதற்கும் ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காய்ச்சல் என்று படுக்காமல் எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும், பிறகு 108.

இரவு முழுக்கச் சூடு நிற்கட்டும் என்று கட்டையைத் திணித்துக் காற்றை அடைத்துவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். புழுங்கி எரிகிற விறகு நச்சுக்காற்றையும் தாரையும் சேர்த்துத் தரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கடைசிக் கட்டை. அது எரிந்து தணலாகட்டும். புகைக்குழாயில் அடைப்புத் தட்டு இருந்தால் தணல் சாகும்வரை அதை மூடக் கூடாது. சூடு தங்க வேண்டுமென்றால் ஓட்டுக்கடியில் பலகைக் கூரை போடுங்கள், கதவிடுக்கில் துணிச்சுருள் வையுங்கள், படுக்கையில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

புகைபோக்கிச் சுத்தமும் சாம்பலும்

ஐப்பசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை கம்பி பிரஷ் விட்டுப் புகைபோக்கியைத் தேய்க்க வேண்டும். தூள் கரி வந்தால் விறகும் எரிக்கும் முறையும் சரி. பளபளவென்று கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் ஈர விறகு எரித்திருக்கிறீர்கள். அந்தப் பசை ஒருநாள் தீப்பிடிக்கும். புகைபோக்கிக்குள் உறுமல் சத்தம் கேட்டு, குழாய் சிவந்தால், கதவையும் காற்றுத்துளையையும் இறுக மூடிவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி 101-ஐக் கூப்பிடுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கும் மேல் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ அட்டைப் பெட்டியிலோ அள்ள வேண்டாம்; மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுச்சுவரை விட்டு விலக்கி, தரையில் வையுங்கள். இரண்டு நாள் கழித்துச் சலித்தால் பாத்திரம் துலக்கவும், பூசணி, அவரைக்குத் தூவவும் ஆகும். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும். காபிச்செடிக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும் என்பதால் அதன் தூரில் மட்டும் குவித்துக் கொட்டாதீர்கள்.